மும்பையில் ஒரு நாள்: யானையையும் குதிரையையும் பின்தொடர்ந்து

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது. உறவினர் திருமணத்துக்காக அவர் அம்மாவுடன் மும்பைக்கு வருகிறார். சயானில் சித்தி வீட்டில் தங்குகிறார். நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வாகக் கிடைக்கிறது. அந்த நாளில் நல்ல அருங்காட்சியகங்களைப் பார்க்க வேண்டும், உள்ளூர் உணவைச் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி, சைவம். எலிபெண்டா குகைக்கும் போய்விட்டு வரலாமா என்று கேட்கிறார். கூடவே, தென்னிந்தியக் கடைகள் நிறைந்த மாட்டுங்கா பகுதியைப் பற்றி ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: “மாட்டுங்கா மட்டும் வேண்டாம், இட்லி தோசை எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது.”

முதலில் எலிபெண்டாவை விட்டுவிடுங்கள். கேட்வேயிலிருந்து படகில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், தீவில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலியோடு வருபவருக்கு அந்த ஒன்றே ஒரு நாளை விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக, அந்தத் தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான யானையையே ஊருக்குள் பார்த்துவிட்டு வர ஒரு வழி சொல்கிறேன். அந்த யானை நிற்கும் தோட்டத்திலேயே ஒரு குதிரையும் நிற்கிறது. அந்தக் குதிரைதான் உங்களை இரண்டாவது அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகப் போகிறது. மொத்தம் இரண்டு அருங்காட்சியகங்கள் போதும். நான்கைந்தைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் ஓடுபவர்களுக்கு மாலையில் கால்வலிதான் நினைவில் நிற்கும்.

கிழமையைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பைகுல்லாவிலுள்ள டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. அது இருக்கும் ராணி பாக் தோட்டத்துக்கும் அன்றுதான் விடுமுறை. இது தெரியாமல், நாக்பூரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தை ஒரு புதன்கிழமை அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. திங்கட்கிழமை மாட்டுங்காவின் நல்ல கடைகள் சில மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கடைகளின் வாசலில் வரிசை நடைபாதையைத் தாண்டி நிற்கும். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகியவற்றில் ஒன்று என்றால் நல்லது. ரயிலில் கூட்டம் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் என் தேர்வு சனி.

இப்போது உங்கள் நிபந்தனைக்கு வருகிறேன். மாட்டுங்காவை நீங்கள் நம் ஊர்ச் சாப்பாடு என்று நினைத்து ஒதுக்குகிறீர்கள். என் கணக்கில் அது மும்பைச் சாப்பாடு, உங்கள் காலைச் சிற்றுண்டி அங்கேதான். 1896இல் பிளேக் இந்த நகரத்தைப் பிடித்து உலுக்கியபோது, நெரிசலும் காற்றோட்டமற்ற வீடுகளும்தான் காரணம் என்று அரசு கருதியது. 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் உருவாகி, வடக்கே தாதரிலும் மாட்டுங்காவிலும் மனை பிரித்து, அகலமான தெருக்களும் மரங்களுமாகப் புதுக் குடியிருப்புகளை அமைத்தது. ஆங்கிலம் படித்துவிட்டு ரயில்வேயிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகச் சேர வந்த தென்னிந்தியர்கள் அந்தப் புதுத் தெருக்களில் வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களில் பலர் திருமணமாகாதவர்கள், சமைக்கத் தெரியாதவர்கள். ஆகவே அவர்களுக்குப் பின்னாலேயே மெஸ்களும் வந்தன. ராம் ஆஷ்ரய் 1939, கஃபே மெட்ராஸ் 1940, வாழை இலையில் சாப்பாடு போடும் ராமா நாயக் உடுப்பி போர்டிங் 1942 என்று வரிசையாகத் தொடங்கிய கடைகள் இவை. கஃபே மெட்ராஸின் பெயரில் இருப்பது சென்னை, நடத்துபவர்கள் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த காமத் குடும்பத்தினர், காலையில் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் குஜராத்தியும் மராத்தியும் பேசுபவர்கள். இப்படி ஒரு கடை கோயம்புத்தூரில் உங்களுக்குக் கிடைக்காது.

சுவையும் வேறுதான். சாம்பாரில் வெல்லம் எட்டிப்பார்க்கும். அதைக் குறையாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவைக்கும் நம்மவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் முதல் வாயில் முகம் சுளிக்கக்கூடும். அவருக்கு ரச வடை வாங்கிக் கொடுங்கள். சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் வடை மூழ்கிக் கிடக்கும். மேலே கொத்தமல்லி மிதக்கும். கரண்டியால் அமுக்கினால் வடையின் நடுத்துளையிலிருந்து ஒரு குமிழ் வெளிவரும், அப்போதுதான் ஊறியிருக்கிறது என்று பொருள். குமிழ் வரவில்லை என்றால் இரண்டு நிமிடம் பொறுங்கள். இனிப்புக்கு ராம் ஆஷ்ரயின் அன்னாசி ஷீரா. ஷீரா என்பது நம் கேசரிதான். ஆனால் இங்கே கேசரி என்று கேட்டால் பரிமாறுபவர் உங்களை ஒரு கணம் ஏற இறங்கப் பார்ப்பார்.

சாப்பிட்ட பிறகு அவசரப்படாமல், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள கடைத்தெருவைப் பாருங்கள். மல்லிகைச் சரமும் மாவிலையும் வாழை இலைக் கட்டும் நேந்திரங்காய் வறுவலும் ஒரே தெருவில் கிடைக்கும்; திருமணத்துக்கு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் இங்கேயே வாங்கிவிடலாம். பத்தேகால் வரை இங்கே நேரத்தைக் கடத்துவதில் ஒரு கணக்கும் இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை தெற்கு நோக்கிப் போகும் உள்ளூர் ரயிலில் அம்மாவை ஏற்றக் கூடாது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களால் நடத்தப்படுகிறது. நாட்டில் அப்படி அமைந்த முதல் நிலையம் அதுதான். அங்கிருந்து சிஎஸ்எம்டி, அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், போகும் ஸ்லோ வண்டியில் மகளிர் பெட்டியில் ஏறுங்கள். தாதர், பரேல், கரி ரோடு, சின்ச்போக்லி, அடுத்தது பைகுல்லா.

பைகுல்லா நிலையத்திலேயே ஐந்து நிமிடம் நிற்கலாம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலின் தடத்தில் இருக்கும் நிலையம் இது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து மீட்ட விதத்துக்காக 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்றைப் பெற்றது. கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ராணி பாக் நடக்கும் தொலைவுதான். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் டாக்ஸி பிடியுங்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அருங்காட்சியகத்துக்குள் போகாமல் யானையைத் தேடுங்கள். கருங்கல் யானை. போர்த்துகீசியர்கள் கராபுரித் தீவில் இறங்கியபோது கரையோரம் இந்த யானை நின்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர்கள் தீவுக்கு எலிபெண்டா என்று பெயரிட்டார்கள். 1864இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஆங்கிலேயர்கள் முயன்றார்கள். தூக்கும்போது பாரம் தாங்காமல் யானை விழுந்து துண்டுதுண்டானது. துண்டுகள் இந்தத் தோட்டத்துக்கு வந்து கிடந்தன. 1914இல் அவற்றை ஒன்றுசேர்த்து நிறுத்தினார்கள். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடங்கள் இன்றும் தெரியும். கடல் கடந்து போயிருக்க வேண்டிய யானை, உடைந்த ஒரே காரணத்தால் இங்கேயே தங்கிவிட்டது.

குதிரை அருகிலேயே இருக்கிறது. வேல்ஸ் இளவரசராக 1875இல் பம்பாய்க்கு வந்து, பின்னர் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் அரசரானவர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். பாக்தாத்திலிருந்து வந்து இந்த நகரத்தில் பெரும் வணிகர்களான சசூன் குடும்பத்தினரின் கொடை அது. 1879இல் கோட்டைப் பகுதியில் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் கருநிறத்தைப் பார்த்து மக்கள் அந்த இடத்தையே ‘காலா கோடா’, அதாவது கறுப்புக் குதிரை, என்று அழைத்தார்கள். 1965இல் சிலையைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இந்தச் சிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தேவைப்படும்.

இனி உள்ளே போகலாம். மும்பையின் மிகப் பழைய அருங்காட்சியகம் இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வராமல், பம்பாய்ப் பருத்திக்கு எக்கச்சக்கமான விலை கிடைத்த ஆண்டுகளில், 1862இல் இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1865இல் போர் முடிந்து விலை சரிந்ததும் பங்குச் சூதாட்டத்தில் இறங்கியிருந்த பெரும்புள்ளிகள் பலர் நொடித்துப்போனார்கள், நன்கொடை வற்றியது. பிறகு அரசு கைகொடுக்க, 1872இல்தான் திறப்புவிழா நடந்தது. விக்டோரியா, ஆல்பர்ட் ஆகியோரின் பெயரைத் தாங்கியிருந்த இதற்கு, தொடக்கத்திலிருந்தே இதற்காக உழைத்த மருத்துவரும் வரலாற்று ஆய்வாளருமான பாவு தாஜி லாடின் பெயரை 1975இல் சூட்டினார்கள். பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து 2008இல் மீண்டும் திறந்தார்கள்.

பெரிய பொக்கிஷங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே இருப்பது நகரத்தின் அன்றாட வாழ்க்கை, சிறிய உருவங்களாக. வெளியிலிருந்து அமைதியான கட்டடமாகத் தெரிவது, உள்ளே பச்சையும் பொன்னும் பூசிய இரும்புத் தூண்களும் வேலைப்பாடுள்ள கைப்பிடிகளும் இங்கிலாந்தின் மிண்டன் நிறுவனத் தரையோடுகளுமாகக் கண்ணைப் பறிக்கும். மாடிக்கு ஏற அம்மாவுக்குச் சற்றுச் சிரமமாக இருக்கும். ஆனாலும் ஏறவேண்டும், ஏனென்றால் களிமண் பொம்மைகள் அங்கேதான் இருக்கின்றன. உழவர், நெசவாளர், கைவினைஞர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காட்சி. ஒவ்வொரு சமூகத்தின் தலைப்பாகைக்கும் தனித்தனியாக ஒரு தலை. நம் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மையையும் அவர் முன்னால் அரிசி பருப்பு மூட்டைகளையும் வைத்துப் பழகிய அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைப்பாகையைப் பார்த்தே ஆளின் ஊரையும் தொழிலையும் சொல்லிவிட முடிந்த காலம் அது. ஒன்றரை மணி நேரம் இங்கே தாராளமாகப் போதும்.

பைகுல்லாவிலிருந்து மீண்டும் ரயிலேறி சிஎஸ்எம்டி. அங்கிருந்து கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் காலா கோடா. இறங்கியதும் ஒரு குதிரைச் சிலை தெரியும், மேலே ஆள் இல்லை. 2017இல் வைத்த புதுச் சிலை அது. அரசர் பைகுல்லாவிலேயே இருக்க, குதிரை மட்டும் மேய்ச்சலுக்கு இங்கே வந்ததுபோல் நிற்கிறது. காலையில் பழையதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இந்த வேடிக்கை புரியும்.

மதிய உணவுக்கு அம்மாவை உத்தேசித்து நான் சொல்வது, குதிரையிலிருந்து சில அடி தொலைவிலுள்ள சேதனா என்ற சைவ உணவகம். குஜராத்தி, ராஜஸ்தானி, மராட்டி வகைகள் ‘தாலி’ எனப்படும் தட்டுச் சாப்பாடாக வரும். கிண்ணம் காலியாவதற்குள் நிரப்பிக்கொண்டே போவார்கள், போதும் என்றால் கையால் தட்டை மறைக்க வேண்டும். அங்கேயும் பருப்பில் இனிப்பு இருக்கும்; காலைச் சாம்பாரின் வெல்லம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது அம்மாவுக்கே விளங்கிவிடும். வாடிக்கையாளர் நாக்கு எப்படியோ, உடுப்பிக்காரர் கரண்டியும் அப்படியே வளைந்தது என்பது என் ஊகம்.

நீங்கள் அசைவம் சாப்பிடுபவர், அம்மாவும் சங்கடப்பட மாட்டார் என்றால், பாலார்ட் எஸ்டேட்டில் 1923 முதல் இருக்கும் பிரிட்டானியாவுக்குப் போய் பெர்ரி புலாவ் சாப்பிடலாம். ஈரானிலிருந்து வரும் ஜெரெஷ்க் என்ற சின்னஞ்சிறு சிவப்புப் புளிப்புப் பழங்களைச் சோற்றின்மேல் தூவியிருப்பார்கள். கோழி, ஆடு மட்டுமின்றிச் சைவ வகையும் உண்டு. ஆனால் ஒரே சமையலறை. அதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டரை மணிக்கு இரண்டாவது அருங்காட்சியகம்: சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா. டாக்ஸிக்காரர்களிடம் ‘மியூசியம்’ என்று சொன்னாலே போதும், மும்பையில் அந்தச் சொல்லுக்கு இது ஒன்றுதான் பொருள். 1905இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் மகன்தான் அவர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ். 1914இல் கட்டி முடித்தும் முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்டதால் 1922 ஜனவரி 10 அன்றுதான் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட் பிஜாப்பூர் கோல் கும்பஸை மனதில் வைத்துக் குவிமாடத்தை எழுப்பினார். குர்லாவின் நீலச்சாம்பல் கல்லும் மலாடின் மங்கிய மஞ்சள் கல்லும் சுவர்களில் மாறிமாறி வரும். உள்ளே மைய மண்டபத்தின் மரவேலைப்பாட்டை நாசிக்கிலிருந்த ஒரு பழைய வாடாவிலிருந்து, அதாவது மராட்டியப் பெருவீட்டிலிருந்து, விலைக்கு வாங்கி வந்து பொருத்தினார்.

இங்கே எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. நான் மூன்று இடங்களில்தான் உட்காருவேன். முதலாவது சிற்பக்கூடம்: எலிபெண்டாவிலிருந்து வந்த, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. மகிஷாசுரமர்த்தினியின் உருவம் முழுமையாக இல்லை, சிதைந்திருக்கிறது. ஆனாலும் அந்த உடலின் திருப்பத்தில் வேகம் அப்படியே நிற்கிறது. மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினியைப் பார்த்த கண்ணோடு இதைப் பாருங்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தையது இது. தீவுக்குப் போகாமலே தீவின் யானையையும் சிற்பத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டீர்கள்.

இரண்டாவது, சிந்து மாகாணத்து மீர்பூர்காஸில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சுடுமண் உருவங்கள். கையில் தாமரையோடு ஒரு பக்தர் நிற்கிறார். சுருள்சுருளான முடி, மெலிந்த இடை, சற்றுச் சாய்ந்த நிற்பு. கல்லில் இப்படிக் குழைவு வராது, மண்ணில்தான் வரும். மூன்றாவது, சிற்றோவியங்கள். அக்பர் காலத்து ‘அன்வார்-இ-சுஹைலி’யின் ஏடுகள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை, பெயர்தான் பாரசீகம், கதை நம் பஞ்சதந்திரம். அன்று அவை பார்வைக்கு இருந்தால் அம்மாவுக்குக் காட்டுங்கள், விலங்குகளைப் பார்த்தே எந்தக் கதை என்று அவர் சொல்லிவிடுவார். மேல்தளங்களில் சர் ரத்தன் டாடாவும் சர் தோராப் டாடாவும் கொடுத்த கலைப்பொருள்கள் நிறைய இருக்கின்றன. தெம்பிருந்தால் மட்டும் பாருங்கள்.

ஐந்து மணிக்குத் தேநீர். டாக்ஸியில் தோபி தலாவ் போய், 1904 முதல் நடக்கும் கியானி என்ற ஈரானி கஃபேயில் உட்காருங்கள். பார்சிகள் குஜராத் கரைக்கு வந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். ஈரானிகள் எனப்படுபவர்கள் அதே ஜொராஸ்ட்ரிய மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வந்தவர்கள். தெருமுனைக் கடை ராசியில்லாதது என்று மற்றவர்கள் ஒதுக்கியதால் முனைகளெல்லாம் இவர்களுக்குக் கிடைத்தன என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. பன் மஸ்காவும் சாயும் சொல்லுங்கள். வெண்ணெய் தடவிய பன்னைத் தேநீரில் தோய்க்கும்போது மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும், அதைப் பார்த்து அம்மா தயங்க வேண்டாம். மாவா கேக்கில் முட்டை இருக்கிறது, அது உங்களுக்கு மட்டும்.

கடைசி நிறுத்தம் சிஎஸ்எம்டிக்கு நேர் எதிரே, கேபிடல் கட்டடத்திலுள்ள ஆராம். பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்த வடா பாவ் இங்கே சாப்பிடலாம். கூடவே சாபுதானா வடை என்ற ஜவ்வரிசி வடையும், பியூஷ் என்ற கெட்டியான, இனிப்பான மோர்ப் பானமும் கிடைக்கும். வடா பாவைத் தாதர் நிலையத்துக்கு வெளியே 1966 வாக்கில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஆலைத் தொழிலாளி ஷிஃப்டுக்கு ஓடும்போது ஒரு கையால் பிடித்துச் சாப்பிடக்கூடிய உணவு அது; 1982இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை இழந்த பலர் இதே வண்டிக்கடையைப் போட்டுப் பிழைத்தார்கள். காலையில் ரயிலில் நீங்கள் கடந்து வந்த பரேலும் சின்ச்போக்லியும்தான் அந்த ஆலைப் பகுதி. பாவ் என்ற சொல் போர்த்துகீசியம்; யாழ்ப்பாணத்தார் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அதே சொல்தான் இங்கே மூக்கொலி தேய்ந்து பாவ் ஆகியிருக்கிறது. சிவப்புப் பூண்டுப் பொடியைக் குறைவாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அம்மாவுக்கு இருமல் வரும்.

ஆறு மணியிலிருந்து எட்டரை வரை வடக்கே போகும் வண்டிகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆகவே பியூஷை மெதுவாகக் குடித்துக்கொண்டு, எதிரே 1888ஆம் ஆண்டுக் கட்டடத்தில் விளக்குகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். சனிக்கிழமையாக இருந்து, நிலையத்துக்குள் கூட்டம் குறைந்ததாகத் தெரிந்தால், சிஎஸ்எம்டியிலேயே கிளம்பும் ஸ்லோ வண்டியில் இருக்கை பிடித்துச் சயானில் இறங்கலாம். சந்தேகமாக இருந்தால் டாக்ஸி பிடித்துவிடுங்கள். சித்தி வீட்டில் இரவுக்குச் சமைக்க வேண்டாம் என்று மதியமே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.